தூறல் என்று திருத்திய பக்கம்

என் அண்ணன் பொய் சொன்னார். மைக் பிடித்துச் சொன்னார். போன மாதம் அவருடைய அறுபதாம் கல்யாணத்தில், பந்தி போடுவதற்கு முன்னால், மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, "என் மொத சம்சாரம் ஒரே நாள் காய்ச்சல்ல போய்ட்டா. நல்லாத்தான் இருந்தா. தறியில உக்காந்துக்கினு இருக்கும்போதே போய்ட்டா" என்றார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இரண்டாவது அண்ணி பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முதல் அண்ணியின் மகள் தன் பிள்ளைகளோடு முன்வரிசையில் இருந்தாள். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஒரே நாள் இல்லை. இருபத்து மூன்று நாள். என்னிடம் எழுத்தில் இருக்கிறது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பதினொன்றாம் வகுப்பில் தவறியவன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அண்ணன், இன்னொன்றில் நான். புது வருஷத்துக்கு ஜரிகைக் கடையில் அண்ணனுக்கு ஒரு பாக்கெட் டைரி கொடுத்தார்கள். உள்ளங்கை அளவு, சிவப்பு அட்டை. அவருக்கு அது வேண்டாம். என் பக்கம் எறிந்தார். அன்றிலிருந்து ஒரு துண்டுப் பென்சிலோடு அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வேன். பொழுது சாய்ந்து தறியை விட்டு எழுந்ததும் இரண்டு வரி எழுதுவேன். மழை பெய்ததா, தறி ஓடியதா, தெருவில் யார் செத்தார்கள், கருட சேவைக்கு எவ்வளவு கூட்டம். பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாள் விட்டாலும் சாப்பாடு இறங்காது.

அண்ணன் கேலி பண்ணுவார். "நெல்லுக்காரத் தெரு கோயில்ல ஒரு சித்ரகுப்தன் ஏடும் கையுமா உக்காந்துக்கினு இருக்காரு. அவரு பத்தாதுன்னு எங்க வூட்டுல ஒருத்தன். டேய், நான் மூக்கு சிந்துனதையும் எழுதிட்டியா?"

அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. முசரவாக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். என்னைவிட நான்கு வயது பெரியவர். அடுப்படியிலிருந்தே கேட்பார்.

"என்னப் பத்தி இன்னா எழுதின தம்பி?"

"கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு."

"அத்த அடிச்சிடு. உங்கண்ணன் ரெண்டு தபா வாங்கித் துன்னாரே, அத எழுது. நாளைக்கு நான் செத்தா நாலு பேரு பாக்கட்டும்."

சிரிப்பாகத்தான் சொன்னார்.

எங்கள் தொழிலில் கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறம். நெய்கிறவர் குழியில் உட்கார்ந்து குறுக்கு நூல் சுற்றிய உடல் நாடாவை ஓட்டுவார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவை ஒவ்வொரு இழைக்கும் தள்ளிக்கொடுக்க வேண்டும். அண்ணன் தறியில் பக்கத்து ஆள் அண்ணிதான். மூன்று வயதுப் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே தள்ளுவார். அவர் எழுந்தால் தறி நிற்கும்.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அமாவாசைக்குத்தான் தறியை நிறுத்துவோம். முடி வெட்டுவது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, சம்பந்தி வீட்டுக்குப் போவது, ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள்தான். பல்வலி வந்தால்கூட அமாவாசைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணுவோம்.

அந்த ஐப்பசியில் அமாவாசை முடிந்து நான்காம் நாள் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. டைரியில் இருப்பது இது: "அண்ணிக்குக் காய்ச்சல். தறி ஓடியது." காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள்: "காய்ச்சல். கஞ்சி இறங்கவில்லை. அமாவாசைக்கு ஆஸ்பத்திரி போகலாம் என்று அண்ணன் சொன்னார்." தறியில் இருந்தது ஒரு முகூர்த்தச் சேலை. கல்யாண நாள் குறித்தாகிவிட்டது. அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மாத்திரை வாங்கிக் கொடுத்தார். ரொட்டி வாங்கி வந்து பாலில் நனைத்து ஊட்டினார். மசூதி வாசலில் ஓதின கயிறு வாங்கி வந்து கையில் கட்டினார். தறியை மட்டும் நிறுத்தவில்லை.

ஏழெட்டு நாள் போனதும் அண்ணி ஒரு வேலை செய்ய ஆரம்பித்தார். சாயங்காலம் நான் பென்சிலை எடுத்ததும் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்து உட்காருவார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அண்ணி."

"எத்தினி நாள் ஆச்சுன்னு படி."

"எட்டு."

"உரக்கப் படிபா. அவரு காதுல உழட்டும். நேத்துதானே வந்துச்சுன்றாரு."

நான் உரக்கப் படித்தேன். அண்ணன் தறியில் அறுந்த பாவு இழையை முடிந்துகொண்டே, "அதான் அமாவாசைக்குப் போலாம்னு சொன்னேன் இல்ல? இன்னும் இன்னா?" என்றார். அடுத்த நாளும் படித்தேன். அதற்கு அடுத்த நாளும். அண்ணி தினமும் சாட்சிக்கு வருவதுபோல் வந்து உட்கார்ந்தார். நான் எழுதினேன், படித்தேன், மடிப்பில் செருகிக்கொண்டேன்.

இதில் என்னை நான் விட்டுவிட முடியாது. என் தறியில் இருந்தது கரை சேர்க்காத சாதாரணச் சேலை. எனக்குப் பக்கத்து ஆள் வேண்டாம். என் தறியை நிறுத்திவிட்டு அண்ணி இடத்தில் நான் உட்கார்ந்து நாடா தள்ளியிருக்கலாம். முசரவாக்கத்துக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் அவருடைய அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்திருப்பார். எதையும் செய்யவில்லை. எழுதிவிட்டதாலேயே ஏதோ செய்துவிட்டது போல இருந்தது. அப்படி ஒரு முட்டாள் நான்.

பதினோராம் நாள் நல்ல மழை. கன மழை என்றால் குழித்தறியில் தண்ணீர் ஊறும், காலை வைக்க முடியாது, பாவும் தொய்ந்துபோகும். அன்று தறி இல்லை. அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். தேர்தலில் ஆளும் கட்சி மாறியிருந்த சமயம், பேச்சுக்குக் குறைவில்லை. மத்தியானம்தான் வந்தார். அதுவரைக்கும் குழியில் ஊறிய தண்ணீரைச் சொம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றியவர் அண்ணி. சொம்பைக் கொடுங்கள் என்றேன். "நீ போயி உன் பாவ மூடி வைய்யி" என்றார். உடம்பு அனலாக இருந்தது. ஆஸ்பத்திரி ஒரு மைல் தூரம். அன்று சாயங்காலம் நான் எழுதினது: "பதினோராம் நாள். காய்ச்சல். மழை. தறி இல்லை."

இருபத்து மூன்றாம் நாள் காலை, பாதி இழையில் அண்ணி தறிமேல் சரிந்தார். கரை நாடா கையிலேயே இருந்தது. அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள். ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

அண்ணன் சொன்னார்: "நேத்துலேர்ந்துங்க."

அதுதான் முதல் பொய். டைரி என் இடுப்பில் இருந்தது. அண்ணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அண்ணனை இல்லை, என்னை. எடுத்து நீட்ட வேண்டியது மட்டும்தான் என் வேலை. பத்துப் பேர் நடுவில் அண்ணனைப் பொய்யன் ஆக்குவதா என்று நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து அண்ணி இல்லை. முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. சொல்லவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணன் கையை நீட்டினார். "அந்த டைரியக் குடு."

கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன். கிழிக்கவில்லை. நின்றபடியே ஐப்பசி முழுவதையும் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பிறகு என் பென்சிலை வாங்கினார். ஒரு பக்கத்தில் ஏதோ எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அன்னிக்கு மழை இல்லடா. தூறல்தான். தறி ஓடுச்சு."

பதினோராம் நாள் பக்கத்தில் 'மழை' என்பதை அடித்து 'தூறல்' என்று எழுதியிருந்தார். 'தறி இல்லை' என்பதை அடித்து 'தறி ஓடியது' என்று எழுதியிருந்தார். இருபத்து மூன்று பக்கத்தில் அவர் கை வைத்தது அந்த ஒன்றில்தான். தறி ஓடாத ஒரு நாள் இருந்தது என்றால், தறி வேலையால்தான் கூட்டிப்போக முடியாமல் போனது என்று சொல்ல வழி இல்லை. அதனால் அந்த நாளை மட்டும் அடித்தார். மற்ற இருபத்திரண்டு நாளும் சரியாக இருந்தது போல.

ஆறு மாதத்தில் அவருக்கு மறு கல்யாணம் ஆனது. தறிக்குப் பக்கத்து ஆள் வேண்டுமே.

'ஒரே நாள் காய்ச்சல்' தெரு முழுக்கப் பரவியது. நன்றாக இருந்தவள் ஒரே நாளில் போனால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். குழந்தையின் ஜாதகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆத்தாள முழுங்கினது" என்று குழாயடியில் அவள் காதுபடவே சொன்னார்கள். கல்யாண வீடுகளில் அவளை முன்னால் நிற்கவிட மாட்டார்கள். அண்ணன் ஒரு நாளும் அதை மறுத்ததில்லை. பத்து வயதில் அவள் என் தறிக்கு வந்து நின்றாள்.

"சித்தப்பா, நான் பொறந்த நேரம்தான் அம்மாவ சாவடிச்சிச்சா?"

"போயி வீட்டுப் பாடம் எழுது" என்றேன். டைரி என் தலைக்கு மேலே பரணில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அண்ணன் அதைத் திருப்பிக் கொடுத்த பிறகு நான் டைரி எழுதவில்லை.

மண்டபத்தில் அண்ணன் 'ஒரே நாள்' என்று சொன்னபோது அவள் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். நாற்பதை நெருங்கும் வயதில் இன்னும் குனிகிறாள். மறுநாள் டைரியை அவள் கையில் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். "தூறல்னு எழுதினது யாரு சித்தப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை.

அண்ணே, உங்கள் எழுத்து எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். மழையை அடித்தீர்கள். காய்ச்சலை ஏன் அடிக்கவில்லை? வீட்டுக்குள் கூப்பிட்டு என் காதில் சொல்ல வேண்டாம். அதே மண்டபத்தில், அதே ஆட்களைக் கூட்டி, அதே மைக்கைப் பிடித்து, உங்கள் மகள் முன்வரிசையில் இருக்கும்போது சொல்லுங்கள். அண்ணிக்கு எத்தனை நாள் காய்ச்சல்? அன்றைக்குப் பெய்தது மழையா, தூறலா?