அருள்தாஸ் சார் ருசி பார்த்த ஒயின்கள்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ராஜபாளையத்திலிருந்து அருள்தாஸ் சாரின் மகள் போன் செய்தாள். "அப்பா போயிட்டாவ சார்" என்றாள். அடக்கத்தின்போது என்னைப் பேசச் சொன்னார்கள். அவர் அறிவியல் பாடம் நடத்திய அழகைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியது வேறு. அவரோடு வேலை பார்த்த உங்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே போடும் சிவப்பு ஒயின் மேல் அவருக்கு இருந்த பிரியம் உங்களுக்குத் தெரியும். கம்பத்துக் கறுப்புத் திராட்சையைச் சீனியும் கிராம்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் ஊறவைத்து வடிப்பார்கள். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஒரு மாதம் தெரிந்தவர் வீடுகளுக்கெல்லாம் போய் ருசி பார்ப்பார். உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். டம்ளரை வெள்ளை வேட்டிக்கு நேரே பிடித்து நிறம் பார்ப்பார். "இது திராட்சை கொடுத்த செவப்பு இல்லம்மா, கருக்குன சீனி" என்பார். அந்த வீட்டு அம்மாள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஜனவரியில், அந்த மாதம் தனக்குப் பிடித்தவற்றை ஆசிரியர் அறையில் வரிசைப்படுத்தினார். முதலிடம் தளவாய்புரம் நர்ஸம்மா வீட்டுக்கு. கிராம்பு திராட்சையை அமுக்கவில்லையாம். அடுத்தது சோழபுரத்துச் சர்ச் உபதேசியார் வீட்டுடையது. லேசான புளிப்புதான் அதற்கு அழகாம். "மூணாவது எங்க வீட்டுது. மொதல்லன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டிய. கடைசின்னு சொன்னா அவ சோறு போட மாட்டா."

யாரோ தலைமையாசிரியரிடம் போய், வாத்தியார் வீடு வீடாக, ஏழு வீட்டில் குடித்துத் திரிகிறார் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் எங்கள் எல்லோரையும் கூட்டிவைத்து அவர் கேட்டார்: "ஏழு வீட்டுக்கும் கூட யாரு வந்தது?"

அருள்தாஸ் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் வரல சார். நான் மட்டுந்தான்."

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயிலை ஒட்டிய தெருவில். அப்பா சன்னிதியில் பாசுரம் சேவிப்பவர். அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

பள்ளி விடுதி வார்டன் பொறுப்பை அருள்தாஸ் சாரிடமிருந்து எடுத்து, நல்ல பழக்கமுள்ளவர் என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னது இதுதான்: "வியாழக்கெழம தண்ணி வராது சார். புதன்கெழமயே தொட்டிய நெறச்சு வச்சிருங்க."

அடுத்த டிசம்பரில், "வாரியளா?" என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். பிறகு தனியாகப் போனார். அவர் எனக்காகச் சொன்ன பொய்யை அன்று நானே உண்மையாக்கினேன். அதன்பின் அவர் கூப்பிடவில்லை. நாங்கள் ஓய்வு பெறும்வரை ஒரே அறையில்தான் இருந்தோம். ஒருநாளும் அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பொய் ஒன்றுதான். இத்தனை வருஷம் அதன் நிழலில் நல்லவனாக இருந்துவிட்டேன். அன்றைய கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன். ஏழு வீட்டுக்கும் நான் கூடப் போனேன். ஏழு வீட்டிலும் குடித்தேன்.