ஈப்போவில் ஒரு நாள், துரை பங்களாவில் இருபத்தைந்து நிமிடம்

எங்கள் கட்டடக்கலை வகுப்பில் இந்தப் பருவத்துக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஏதாவது ஒரு பழைய ஐரோப்பிய நகரத்தை ஒரு நாள் சுற்றிப் பார்த்து, பார்த்ததை வரைந்து கொடுக்க வேண்டும். வசதியுள்ள நான்கு பேர் பிராக் போனார்கள். மற்றவர்கள் ஐரோப்பியர்கள் கட்டிவிட்டுப் போன ஊர் எதையாவது பார்க்கலாம் என்று விரிவுரையாளர் இரக்கப்பட்டார். என் பணப்பைக்கு ஈப்போதான் பிராக். போன மாதம் ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். இதே மாதிரி ஒரு நாள் பயணம் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நடுவில் நடந்ததையும் மறைக்கப் போவதில்லை.

கோலாலம்பூரில் காலை 7.10 ரயில், 36 ரிங்கிட், 9.35க்கு ஈப்போ. நிலையத்தில் தர்ஷினி காத்திருந்தாள். என் வகுப்புத் தோழி, ஈப்போக்காரி. அவள் முன்னோர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், வீட்டில் எல்லாரும் அரசாங்க உத்தியோகம். என் அப்பா எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, இப்போது கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இந்த வித்தியாசம் அன்றுவரை எங்களுக்குள் கிண்டலுக்கு மட்டும்தான் பயன்பட்டது.

நிலையத்தின் வெள்ளைக் குவிமாடத்தை வரைய ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எதிரிலேயே பழைய நகர மண்டபம், நடந்தால் மூன்று நிமிடம். அங்கே அன்று ஒரு ஈ காக்கை இல்லை. தூண்களை வரைந்துகொண்டிருந்தபோது மாடி ஜன்னல் ஒன்றின் பலகைக் கதவு மெதுவாக உள்ளே இழுத்துச் சாத்திக்கொண்டது. காவலாளியிடம் கேட்டோம். உள்ளே யாருமில்லை, நேற்றே பூட்டியாகிவிட்டது என்றார். காற்றாக இருக்கும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஒரு இலைகூட அசையாத வெயில் அது.

மணிக்கூண்டைப் பார்த்து, கடைச் சந்தின் கூட்டத்தில் இடிபட்டு, 3.20 ரிங்கிட்டுக்கு ஈப்போவின் பேர்போன வெள்ளைக் காப்பி குடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால். பயிற்சியில் சிதைந்த கட்டடம் ஒன்றும் வேண்டும். அதற்காக சுங்கை சிப்புட் பக்கம், 38 கிலோமீட்டரில், பழைய ரப்பர் எஸ்டேட் ஒன்றின் துரை பங்களாவைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்தக் காலத்து வெள்ளைக்கார மேனேஜர் குடியிருந்த வீடு. சுற்றிலும் இப்போது செம்பனை எண்ணெய் மரங்கள். எஸ்டேட்டின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

ஜெலாப்பாங்கில் வாடகைக் கார் ஓட்டும் மணியம் அண்ணன் வண்டியில், போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 130 ரிங்கிட். எஸ்டேட் முனையில் முனீஸ்வரர் கோயில் வந்ததும் மூன்று முறை ஹாரன் அடித்து வண்டியை நிறுத்தினார்.

“நான் இங்கயே இருக்கேன்மா. உள்ள போனா பேரு சொல்லி சத்தம் போடாதீங்க லா.”

தர்ஷினி சிரித்தாள். “ஏன் அண்ணே?”

நான்தான் விளக்கினேன். எஸ்டேட்டில் பின்னாலிருந்து பெயர் கேட்டால் உடனே திரும்பக் கூடாது. மனிதர் என்றால் மூன்று முறை கூப்பிடுவார். அதற்கு ஒரே முறைதான் கூப்பிட முடியும். கமுந்திங் அடுக்குமாடியில்கூட எங்கள் வீட்டில் இதுதான் சட்டம். அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் மூன்று முறைதான்.

“எங்கட வீட்டில ஒரு தரம் கூப்பிட்டு வராட்டி அடி விழும்,” என்றாள் அவள்.

காவல் அறையில் பெயர் எழுதி அனுமதி வாங்கி, 2.30க்கு பங்களாவுக்குள் நுழைந்தோம். கூரை பாதி இல்லை. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாக, சதுரம் சதுரமாக நின்றன. வெளவால் எச்சம் தரை முழுக்க. தர்ஷினி படிக்கட்டை வரைய உட்கார்ந்தாள். பாரமாக இருக்கிறது என்று தன் பையை என்னிடம் கொடுத்தாள். 2.40க்கு நான் மட்டும் லயத்து வீடுகளைப் பார்க்கக் கிளம்பினேன், சுமார் 400 மீட்டர்.

செம்பனைக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது. பறவைச் சத்தம் நின்றிருந்ததை நான் கவனிக்கவே இல்லை, பின்னால் “கலா!” என்று என் பெயர் கேட்கும்வரை.

தர்ஷினியின் குரல். தெளிவாக, நாலடி தள்ளி நின்று கூப்பிட்டது போல. பிடரி மயிர் சிலிர்த்தது. இரண்டாவது முறைக்காக நின்றேன். வரவில்லை. திரும்பாமல் நடந்தேன். உண்மையைச் சொல்வதானால், சட்டத்தைச் சரியாகப் பின்பற்றிய பெருமைகூட எனக்கு இருந்தது. கைப்பேசியைப் பார்த்தேன், 2.46.

லயத்தில் பதினோரு படம் எடுத்தேன். முதல் படம் 2.49, கடைசிப் படம் 3.01. தண்ணீர் பாட்டிலுக்காக அவள் பையில் கையை விட்டபோது அவளுடைய ஆஸ்துமா பம்பு விரலில் பட்டது. இதற்காகத்தான் கூப்பிட்டாளோ? ஓடினேன்.

3.05. படிக்கட்டின் அடியில் சுருண்டு கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த எச்சத் தூசி நெஞ்சைப் பிடித்துவிட்டது. பம்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டே மணியம் அண்ணனுக்குப் போன் போட்டேன். நல்லவேளை, சிக்னல் இருந்தது. அவர் கார் வந்த வேகத்தை நான் எந்த வாகனத்திலும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி 22 நிமிடம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஐந்து மணிக்கு அவளுடைய ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றினார்கள். நான் அழுதுவிட்டேன். “நீ கூப்பிட்டது கேட்டுச்சுடி. வேணும்னுதான் திரும்பல.”

அவள் என்னையே பார்த்தாள். “நான் கூப்பிடவே இல்லை. எனக்குச் சத்தமே வரேல்ல.”

மணியம் அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “கூப்பிட்டது கெட்டதா இருந்தா, அந்தப் புள்ள பக்கம் ஏன்மா உன்ன திருப்பப் பார்க்குது?” என்றார்.  

போகிறவர்களுக்கு: பழைய பங்களாக்களுக்கு முகக்கவசம் இல்லாமல் போகாதீர்கள். மருந்து நோயாளியின் சட்டைப் பையில் இருக்கட்டும், தோழியின் தோளில் வேண்டாம். இரண்டு பேராகப் போனால் பிரியாதீர்கள். அனுமதி கேட்டுவிட்டு நுழையுங்கள். கடைசி ரயிலுக்கு முன்பதிவு அவசியம், நான் அதைத் தவறவிட்டு ஆஸ்பத்திரி நாற்காலியில்தான் இருந்தேன்.

அங்கிருந்து அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஒரு தடவதானே கூப்பிட்டுச்சு?” என்றார். “நல்ல வேள, திரும்பல.”

கண்ணாடிக் கதவு வழியாக தர்ஷினி தூங்குவது தெரிந்தது. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, “இனிமே திரும்புவேன்ப்பா,” என்றேன். “கூப்பிடுறது யாரா இருந்தாலும்.”