சங்கிலியை இழுத்தவர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த மாதம், என்ன கிழமை, கூட யார் இருந்தார்கள்?" என்று கேட்டே வாயை அடைத்துவிடுகிறவன் நான். ஆகவே இதையும் கணக்காகச் சொல்லிவிடுகிறேன்: யுத்தம் முடிந்த மறுவருஷம், மாசி மாதம், சனிக்கிழமை, அதுவும் பட்டப்பகல்.

தூத்துக்குடியில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியின் கதவுகளை அடைத்து இருட்டாக்கி, லாரி வாங்கக்கூடிய முதலாளிகளுக்காக ஒரு படம் போட்டார்கள். சீமை மோட்டார் கம்பெனி ஒன்று தன் தொழிற்சாலையைப் பற்றித் தானே செலவழித்து எடுத்தது. தமிழில் விளக்கிச் சொல்ல என்னை நிறுத்தியிருந்தார்கள். அடடா, என்ன படம்! வெறும் சட்டமாக வருகிறது, நகர நகரச் சக்கரம் ஏறுகிறது, கடைசியில் முழு லாரியாக உருண்டே போகிறது! ஏரலிலிருந்து வந்த முதலாளி அண்ணாச்சி விசிலே அடித்துவிட்டார்.

"இதோ, இந்தத் தொழிலாளி சங்கிலியை இழுக்கிறார், என்ஜின் இறங்கும்" என்றேன். அவர் இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்தார், நிறுத்தினார், மறுபடி இரண்டு தடவை. என்ஜின் இறங்கவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. வெறுங்கால். "பாவம், இவருக்கு மட்டும் பூட்ஸ் கொடுக்கவில்லை போல" என்றேன், எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணாச்சியோடு வந்திருந்த மெக்கானிக் செபஸ்தி சிரிக்கவில்லை. முன்பு சங்கு குளிக்கிறவர்களுக்குத் தோணியில் கயிறு பிடித்தவர் அவர். அடியில் மூச்சு முட்டினால் குளிக்கிறவர் கயிற்றை இப்படித்தான் சுண்டுவார்.

"இழுக்கான்லே! கீழ ஒருத்தன் கிடக்கான்!"

"ஏலே, அது படம்லே! திரைக்குள்ள குதிச்சிராத!" என்றார் அண்ணாச்சி.

செபஸ்தி திரைப்பக்கம் போகவில்லை, வாசலுக்கு ஓடினார். கதவு திறந்ததும் வெயில் பாய்ந்து படம் வெளுத்துப்போயிற்று. வெளியே அண்ணாச்சியின் லாரி. அடியில் பழுது பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் சுடலைமுத்துவின் நெஞ்சின்மேல், மணலில் ஜாக்கி சரிந்து, வண்டி இறங்கியிருந்தது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை.

"தூக்குங்கலே!"

அத்தனை பேரும் தூக்க, செபஸ்தி அவனை வெளியே இழுத்தார். சுடலைமுத்து ஒரு மூச்சு இழுத்தான் பாருங்கள், கடலிலிருந்து ஏறினவன் மாதிரி! பிழைத்துக்கொண்டான்.

"ஏன் வாசலுக்கு ஓடினீர்?" என்று கேட்டேன்.

"தெரியல சார். எந் தம்பி மிக்கேல் கடைசியா இப்படித்தான் சுண்டுனான். இழுத்தேன், கயிறு மட்டும் வந்துச்சு. இன்னைக்கு ஆளு வந்துட்டான்."

உடனே படத்தை மறுபடி ஓட்டச் சொன்னோம். சங்கிலி தொங்குகிறது, என்ஜின் இறங்குகிறது. ஆள் இல்லை! கிட்டங்கியே பார்த்துச் சிரித்த ஆள்! படத்தில் அவர் நின்ற இடத்துத் தரையில் இரண்டு பாதங்களின் ஈரம் மட்டும் இருந்தது.

நம்பினால் நம்புங்கள். இன்னொரு தடவை ஓட்டினோம். அந்த ஈரம் பாதி காய்ந்திருந்தது.