நரம்பு தேடிய கேமரா

தேவநாதனுக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எது நடந்தாலும் படம் எடுக்கப் போவான். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயிலில் திரும்பிய பக்கமெல்லாம் தாலி கட்டு நடக்கும். அந்த நெரிசலில் தன் ஜோடியைத் தவறவிடாமல் முண்டியடித்துப் படம் எடுப்பதில் அவன் கெட்டிக்காரன்.

அகச்சிவப்புப் படம் அவனுக்கு ஆசையில் வந்து தொற்றிக்கொண்டது. பிச்சாவரத்துக்கு வரும் ஜோடிகள் எல்லாரும் அதே படகு, அதே பச்சை, அதே சிரிப்பு என்று ஒரே மாதிரி நிற்கிறார்களே என்று சலிப்பு. ஒருநாள் செல்போனில் யாரோ எடுத்த படம் ஒன்றைப் பார்த்தான். மரமெல்லாம் பஞ்சு போல வெள்ளை, தண்ணீர் மை போலக் கறுப்பு. எப்படி எடுத்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தான். டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னால் இளநீல நிறத்தில் ஒரு மெல்லிய கண்ணாடி இருக்கும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது உள்ளே விடாது. அதை எடுத்துவிட்டு, அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடுகிற ஒரு கறுப்புக் கண்ணாடியை வைத்துவிட்டால் அதே கேமரா வேறு உலகத்தைப் பார்க்கும். அந்தக் கண்ணாடியைத்தான் ஃபில்டர் என்றார்கள்.

முதலில் பிரித்த பழைய கேமராவின் சென்சாரில் கீறல் விழுந்து அது குப்பைக்குப் போனது. அடுத்ததைப் பிரிக்கும்போது ஃபிளாஷுக்குள் தேங்கியிருந்த மின்சாரம் அடித்து, ஸ்க்ரூ டிரைவர் ஒரு பக்கம் தெறிக்க, அவன் ஒரு பக்கம் விழுந்தான். மூன்றாவது தேறியது. எந்த ஃபில்டர் போடுவது என்று அதற்கும் ரொம்ப யோசித்தான். எவ்வளவு அலைநீளத்துக்கு மேலுள்ள ஒளியை உள்ளே விடும் என்பதுதான் ஃபில்டரின் எண். 590 போட்டால் இலை பொன் மஞ்சளாக வரும். 720 போட்டால் இலை வெளுத்து, வானத்தில் மட்டும் கொஞ்சம் நிறம் தங்கும். 850 போட்டால் நிறம் அறவே கிடையாது, சுத்தமான கறுப்பு வெள்ளை. கல்யாண ஜோடிகளுக்கு 720 போதும் என்று அதைப் போட்டான். பிச்சாவரத்தில் பனி பெய்தது போல வந்த படங்களைப் பார்த்து, சிதம்பரத்திலிருந்தும் ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள்.

மனைவி மாலதி அவனுக்குத் தாய்மாமன் மகள். கல்யாணத்துக்குப் பிறகும் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஒரே மகள் அருள்மொழி, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் வெளுத்துக்கொண்டே போனாள். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சோதித்துத் தலசீமியா என்றார்கள். அவள் உடம்பில் ஊறுகிற ரத்தம் நிலைக்காது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தாய், தகப்பன் இருவரிடமும் அந்தக் குறை மறைந்து கிடந்தால்தான் பிள்ளைக்கு இப்படி வரும் என்று டாக்டர் சொன்னபோது மாலதி தலையைக் குனிந்துகொண்டாள். தேவநாதன் சுவரைப் பார்த்தான். சொந்தத்தில் கட்டிவைத்த பெரியவர்களைப் பற்றி இருவரும் அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?

ரத்தம் ஏற்றுவதைவிடப் பெரும்பாடு, ஊசி ஏற்ற நரம்பு தேடுவது. அருளின் கை ஒல்லி. குத்திக் குத்தி நரம்பெல்லாம் உள்ளே பதுங்கிவிட்டன. நர்ஸ் ராஜாமணி ஐம்பதைத் தாண்டியவர், கை பக்குவம் உள்ளவர். அவருக்கே தடுமாறும். புறங்கையில் தட்டிப் பார்ப்பார், முழங்கை மடிப்பில் தடவிப் பார்ப்பார், கடைசியில் பாதத்துக்கு வருவார். தேவநாதனின் வேலை மகளின் கையை அசையாமல் பிடித்துக்கொள்வது.

"அப்பா, வுடச் சொல்லுப்பா! நீ சொன்னா கேப்பாங்கப்பா!" என்று அவள் கத்துவாள்.

அவன் பிடியை இறுக்குவான். வேறு என்ன செய்ய முடியும்?

"நரம்பு இருக்குது தம்பி. ஊசி கிட்டப் போனா நழுவிப் பூடுது. நா இன்னா பண்ணட்டும், சொல்லு" என்பார் ராஜாமணி. அவர் கண்ணும் கலங்கியிருக்கும்.

ஒரு சித்திரை மாத மத்தியானம். அதற்கு முந்தின நாள்தான் அருளுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கன்னத்தில் நிறம் ஏறி, வீட்டுக் கொல்லையில் ஓடிக்கொண்டிருந்தாள். தேவநாதன் புதிதாக வாங்கிய லென்ஸை 720 கேமராவில் மாட்டி முருங்கை மரத்தைப் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சில லென்ஸ்கள் அகச்சிவப்பில் நடுவில் வெள்ளைத் திட்டு ஒன்றைப் போட்டுவிடும். அதைச் சோதிக்கத்தான். அருள் குறுக்கே வந்து, "போதும்பா" என்று இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் விரித்தாள். படம் விழுந்தது.

திரையில் அவள் மாநிறம் போய்ப் பால் நிறமாக இருந்தாள். விரித்த கைகளின் மணிக்கட்டில், தோலுக்கு அடியில், சாம்பல் நிறத்தில் கோடுகள். பெரிதாக்கிப் பார்த்தான். கோடு கிளை பிரிந்து உள்ளங்கைக்குள் போனது. வெறும் கண்ணால் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"மாலதி!" என்று அவன் போட்ட சத்தத்தில் அவள் அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு வேறு நினைப்பில்லை. வெயிலில் 720-இல் மங்கலாகத் தெரிகிற நரம்பு, ஆஸ்பத்திரி அறையின் டியூப்லைட்டில் தெரியாது. அந்த வெளிச்சத்தில் அகச்சிவப்பு கிடையாது. பழைய சிசிடிவி ஒன்றிலிருந்து அகச்சிவப்பு விளக்கைக் கழற்றி எடுத்தான். அந்த விளக்குக்குப் பொருந்துவது 850. ஆனால் ஊசி போடுகிறவர் பார்க்கத் தோதாகத் திருப்பக்கூடிய திரை இருந்தது ஒரே ஒரு கேமராவில்தான். அது அவன் கல்யாணங்களுக்குக் கொண்டுபோகிற கேமரா.

கடலூர் முதுநகரில் கேமரா பழுது பார்க்கும் ஆரோக்கியராஜ் அவன் சிநேகிதன். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உள்ள வெறும் கண்ணாடி போட்டுக்க மச்சான். 850-ஐ லென்ஸுக்கு மேல மாட்டிக்க. வேண்டாம்னா கழட்டிட்டு, அகச்சிவப்பத் தடுக்குற ஃபில்டர வெளியில மாட்டிட்டு கல்யாணத்துக்குப் போலாம். ரெண்டுத்துக்கும் ஆவும்" என்றான்.

நல்ல யோசனைதான். ஆனால் தேவநாதன் ஒத்துக்கொள்ளவில்லை.

"திரும்பி வர வழி வச்சா அடுத்த முகூர்த்தத்துக்கே திரும்பி வந்துடுவேன் ஆரோக்கியம். இது அவளுக்கே இருக்கட்டும். 850-ஐ உள்ளயே போட்டுடுறேன்."

மாலதி கேட்டாள். "மாமா, அப்பறம் அதுல கலரே வராதா?"

"வராது."

"தொழிலுக்கு இன்னா பண்ணுவ?"

"பழசு ஒண்ணு கெடக்குதுல்ல. அத வச்சு ஓட்டிக்கிறேன்."

ஸ்டுடியோவின் ஜன்னலைச் சாத்தி, தூசி பறக்காமல் இருக்க மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தான். வெக்கையில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டு வியர்வை சென்சாரில் விழுந்தால் போச்சு என்று நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டான். கழற்றிய திருகாணிகளை வரிசை மாறாமல் டேப்பில் ஒட்டினான். நீலக் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கறுப்பை வைத்து மூடிப் பார்த்தால், படம் தெளியவில்லை. புதுக் கண்ணாடியின் கனம் முடியளவு வித்தியாசப்பட்டாலும் சென்சாரின் இடத்தை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். மறுபடி பிரித்தான். மறுபடி மூடினான். இந்த முறை தன் கையைக் காட்டியதும், வரைபடத்தில் ஆறுகளை வரைந்தது போல நரம்புகள் திரையில் வந்து நின்றன. அவன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து காற்றில் நின்றான்.

அருளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. திரையைப் பார்த்துப் பார்த்துத் தன் கையில் பேனாவால் கோடு போட்டாள். "இது கெடிலம். இது வெள்ளாறு. இந்தப் பெருசு கொள்ளிடம்ப்பா" என்றாள். பிறகு, அதிகம் யோசிக்காமல், "இனிமே ஒரே குத்துதான், இல்ல? நா அழமாட்டேன் போ" என்றாள்.

அவன், "ஆமாம்மா, ஒரே குத்துதான்" என்று சொல்லிவிட்டான்.

அடுத்து ரத்தம் ஏற்ற வேண்டிய நாள் வந்தது. மூவரும் காலை பஸ்ஸில் சிதம்பரம் போனார்கள். அருள் சோர்ந்து கிடந்தாள். ரத்தம் ஏற்றுகிற நாள் நெருங்கினால் அவள் அப்படித்தான், உதடு வெளுத்து, மூச்சு வாங்கும். கேமராவைப் பார்த்த ராஜாமணி முதலில் மறுத்தார்.

"வார்டுக்குள்ள இதெல்லாம் ஆவாது தம்பி. என்னத் திட்டுவாங்க."

டாக்டர் இளவயதுப் பெண். எல்லாவற்றையும் கேட்டார், தன் கையை நீட்டித் திரையில் பார்த்தார். "படம் எதுவும் சேவ் பண்ணக் கூடாது. மத்த குழந்தைங்க பக்கம் திருப்பக் கூடாது. ட்ரை பண்ணிப் பாக்கலாம் சிஸ்டர்" என்றார்.

அருள் தானாகவே கையை நீட்டினாள். தேவநாதன் விளக்கைப் போட்டுக் கேமராவைக் குவித்தான். திரையில் கை பால் போல வந்தது. கோடுகளைக் காணவில்லை. விளக்கைக் கிட்டக் கொண்டுபோனான், சாய்த்தான், அமைப்புகளை மாற்றினான். கெடிலமும் இல்லை, வெள்ளாறும் இல்லை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சில் கோட்டை அழித்தது போல ஒன்று.

"வீட்ல பளிச்சுனு தெரிஞ்சுது சிஸ்டர். சத்தியமா தெரிஞ்சுது" என்றான்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "வீட்ல என்னைக்குப் பாத்தீங்க?"

"ரத்தம் ஏத்துன மறுநாள். அப்பறம் அந்த வாரம் பூரா."

"நரம்பு கறுப்பாத் தெரியிறதே உள்ள ஓடுற ரத்தத்தாலதான். இப்ப அவ உடம்புல அது பாதிதான் இருக்கு. அதான் கோடும் மங்கிப் போயிருக்கும்னு நெனைக்கிறேன்."

தேவநாதனுக்கு அப்போதுதான் புரிந்தது. நரம்பு தேவைப்படாத நாளில்தான் இந்தக் கேமராவுக்கு நரம்பு தெரியும்.

மங்கலாகத் தெரிந்த அந்த ஒன்றையே நம்பி ராஜாமணி ஊசியை எடுத்தார். திரையைப் பார்த்தால் கை எங்கே போகிறதென்று பிடிபடவில்லை, கையைப் பார்த்தால் கோடு இல்லை. அப்படியும் ஊசி சரியாகவே இறங்கியது. குழாயில் ரத்தம் ஏறியது. தேவநாதன் மூச்சுவிட்டான். அடுத்த கணம் அந்த இடம் நெல்லிக்காய் அளவுக்கு உப்பிக்கொண்டது.

"ஒடஞ்சிப் போச்சு" என்றார் ராஜாமணி, ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தியபடி. "பலதடவ குத்துன நரம்பு தம்பி. இருக்குதுன்னு தெரிஞ்சா மட்டும் பத்தாது. தாங்கணுமில்ல?"

அருள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழமாட்டேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பார்த்தாள். இன்னொரு கையில் குத்தியபோதும் காப்பாற்றினாள். பாதத்துக்கு வந்தபோது உடைந்துபோய்க் கதறினாள். கேமராவைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தேவநாதன் காலைப் பிடித்துக்கொண்டான், எப்போதும் போல. மாலதி வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

கடைசியில் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஊசி நின்றது. ரத்தம் சொட்டுச் சொட்டாக ஏற ஏற அருள் அடங்கினாள்.

"பரவால்லப்பா" என்றாள், அவன் முகத்தைப் பார்த்து.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மத்தியானத்துக்கு மேல் ராஜாமணி வந்து தயங்கி நின்றார். மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு குழந்தை வந்திருந்தது. பேதியில் துவண்டு போன பத்து மாதக் கொழுகொழு ஆண் குழந்தை. கையெல்லாம் சதை, நரம்பு தட்டுப்படவில்லை. "டாக்டர் கேக்கச் சொன்னாங்க. கொஞ்சம் அதக் கொண்டாறியா தம்பி?"

போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கேமராவை எடுத்துக்கொண்டு போனான். குழந்தையின் புறங்கையில் விளக்குப் பட்டதும் கோடு கன்னங்கரேலென்று எழுந்தது. பேனாவால் ஒரு புள்ளி வைத்தார் ராஜாமணி. ஒரே குத்து. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. குளுக்கோஸ் இறங்கத் தொடங்கியது. அதன் தாய் தேவநாதனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவனும் பதிலுக்குக் கும்பிட்டான். நல்லது நடந்திருக்கிறது என்று தெரிந்தது. ஆனாலும் நெஞ்சில் ஏதோ கசந்தது. அதற்காகத் தன் மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

அதன்பிறகு அந்தக் கேமரா ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. எதற்கு வீட்டில் என்று ராஜாமணியிடம் கொடுத்துவிட்டான். சில குழந்தைகளுக்கு உதவியது, சில குழந்தைகளுக்கு உதவவில்லை. அருளுக்கு ஒருமுறைகூட உதவவில்லை. தேவநாதன் பழைய கேமராவோடு கல்யாணங்களுக்குப் போனான். கூட்டத்தில் அது மெதுவாகத்தான் பிடிக்கும், இரண்டு தாலி கட்டுகளைத் தவறவிட்டான். பெரிய ஊருக்குப் போய் நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சிறு கருவியைப் பொருத்திக்கொண்டால் ஒவ்வொரு முறையும் நரம்பு தேட வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிருமி தொற்றுகிற பயம் அதில் உண்டு என்றும் சொல்லியிருந்தார். செய்வதா வேண்டாமா என்று மாலதியும் அவனும் இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுக்கத் தைரியம் வரவில்லை.

முதன்முதலில் கேமராவைக் கொண்டுபோன அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டியதும் அருள் கண் விழித்தாள். கன்னத்தில் நிறம் வந்திருந்தது. மாலதியின் மடியில் தலையும் அவன் மடியில் கட்டுப் போட்ட காலுமாகப் படுத்திருந்தாள்.

"அந்தப் பாப்பாவுக்கு மட்டும் ஏம்ப்பா ஒரே குத்துல வந்துச்சு?"

"அது சின்னப் பாப்பாம்மா. அதுக்கு நரம்பெல்லாம் புதுசு."

"நானும் சின்னப் பாப்பாவா இருந்தேன்ல?"

"இருந்த."

"அப்ப ஏம்ப்பா நீ கேமரா கொண்டாரல?"

"அப்ப எனக்கு இது தெரியாதும்மா."

அவள் அதை ஏற்றுக்கொண்டது போலத் தலையாட்டினாள். மாலதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேவநாதன் மகளின் பாதத்தை மாலதியின் சேலை முந்தானையால் மூடிவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டான். பஸ் ஆலப்பாக்கம் நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.