கல் போடாத பாட்டில்கள்

அந்த வட்டத்தில் உட்காருவது எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. குப்பை பொறுக்கச் சொல்லுங்கள், முதுகு ஒடியப் பொறுக்குகிறேன். ஆனால் பொறுக்கி முடித்ததும் மாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, அஞ்சு நிமிடம் கண்ணை மூடி, பிறகு ஒவ்வொருவராக இன்றைக்கு என்ன பார்த்தோம், மனசில் என்ன தங்கியது என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு அது வேப்பங்காய். சோறு வடித்தவள் உட்கார்ந்து சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டா இருக்கிறாள்?

நாங்கள் பதினோரு பேர். நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் வேலை பார்க்கிறவள். குழுவைச் சேர்த்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி ஆசிரியர். எங்கள் எல்லோருக்கும் 'சார்'. ஞாயிற்றுக்கிழமைகளில் செண்பகத்தோப்புக்குப் போய், ஓடையில் குளிக்க வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போவதை அள்ளிக்கொண்டு வருவோம். சாக்குக்கும் லோடு வண்டிக்கும் நான்தான் பொறுப்பு. அதனால் வட்டத்தில் எல்லோரும் கண்ணை மூடினால் நான் வாட்சைப் பார்ப்பேன்.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வேலை தொடங்குமுன் காலையில் ஒரு தடவை கண்ணை மூடுவோம். அது எனக்குப் பிடிக்கும். மலை அப்போது பாதி மேகத்துக்குள் இருக்கும். ஓடைச் சத்தம், இலைச் சத்தம் எல்லாம் கலந்து, நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தூரத்தில் கிலுகிலுவென்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழந்தை கொலுசோடு ஓடைக்கரையில் நடந்து போய்விட்டுத் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன்.

பிறகு வேலை. மேல்கரையில் புதருக்குப் புதர் நைலான் கயிறு கட்டி, அதில் வரிசையாக பாட்டில்கள் தொங்கின. பிராந்தி பாட்டில், தண்ணீர் பாட்டில், எல்லாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குடிகாரப் பயலுக தோரணம் கட்டி விட்டிருக்கானுக பாருங்க!" என்று கத்திவிட்டு, அரிவாளால் கயிற்றை அறுத்தேன். பாட்டிலுக்குள் கூழாங்கல் கிடந்தது. அதையும் கீழே ஓடைக்குள் கொட்டிவிட்டுச் சாக்கில் போட்டேன். அன்றைக்கு என் சாக்குதான் பெரிசு. பெருமை வேறு.

பதினொரு மணிக்கு வட்டம். கண்ணை மூடித் திறந்ததும், ரிட்டயரான பஸ் டிரைவர் அண்ணாச்சி முதலில் பேசினார்.

"காலையில கிலுகிலுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுல்லா? இப்ப அது இல்லையே. வண்டியில ஒரு நட்டு லூசானாக்கூட எனக்குத் தெரிஞ்சுரும். அந்தச் சத்தம் எங்க போச்சு?"

அப்புறம் ஒருவர், கயிற்றில் கட்டியிருந்த பாட்டில் பத்து எடுத்தேன் என்றார். இன்னொருவர், கீழ்க்கரையில் நானும் எடுத்தேன் என்றார். மூன்றாவது ஆள் எதிர்ப்பக்கம். ஆளுக்கு ஒரு துண்டாக நாங்கள் பார்த்தது, பேசப் பேச ஒரே கயிறாகச் சேர்ந்தது. அது எதையோ சுற்றி வந்திருக்கிறது.

அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "அய்யய்யோ, பன்னிக் கயிறுல்லா அது! காத்துக்கு லேசா ஆடும், பன்னி வந்து தட்டுனா பாட்டிலுக்குள்ள கெடக்க கல்லு பலமாக் குலுங்கும். சத்தம் கேட்டுக் காவக்காரவுக எந்திரிச்சு வெரட்டுவாக."

ஓடிப்போய்ப் புதரை விலக்கிப் பார்த்தோம். அந்தப் பக்கம் கடலைக்காடு, பச்சைப்பசேல் என்று. ஒரு குடிசை, ஆள் இல்லை.

சாக்குகளை எல்லாம் கொட்டி, நாற்றத்துக்குள் கையை விட்டு, பாட்டில்களைப் பிரித்தெடுத்தோம். ஓடையில் கல் பொறுக்கி உள்ளே போட்டு, கயிற்றை முடிந்து திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அப்போதுதான் அந்தக் கடலைக்காட்டுக்கார அக்கா வந்தார். என் வயசுதான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவர் கையில் மருந்துப் பை.

"ஏலே, யாருலே அது எங் காட்டுல?"

சார் நடந்ததைச் சொன்னார். அந்த அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, விட்டார் பாருங்கள் ஏச்சு!

"ஒங்களுக்கு இது குப்பையா? எம் வீட்டுக்காரரு தென்னமரத்துல இருந்து விழுந்து படுத்த படுக்கையா கெடக்காரு. ஒத்தையாளு நான் காவலுக்குக் கெடக்கேன். இன்னும் பத்து நாள்ல புடுங்கணும். இந்தக் கடலைதான் எங்களுக்கு வருசத்துக்கும் கஞ்சி. வந்தவிய ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு முடிச்சுப் போட்டோம். செத்த நேரம் கழித்து அவரே வந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

மேற்கு மூலை என் பங்கு. பன்னிரண்டு பாட்டில். வனத்துறை ஆள் வந்து கிளம்புங்கள் என்றார். லோடு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கல்லோ கீழே ஓடையில் கிடக்கிறது. இறங்கிப் பொறுக்கி ஏற வேண்டும். மலைமேல் வெயில் மஞ்சள் தண்ணீர் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டுதானே என்று நினைத்தேன். வெறும் பாட்டில்களை வரிசையாக, அழகாகக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மில் ஓடுகிற இரைச்சலுக்குள் கிலுகிலு என்று கேட்கும். தலையைத் தூக்கினால் நின்றுவிடும். மத்தியானம் மேசையில் தலை சாய்த்தால், சத்தமே இல்லாத ஒரு காட்டில் ஏதோ வரிசையாக நடந்து போகும். நான் கத்துவேன், எனக்கே கேட்காது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு போனோம். மேற்கு மூலையில் ஆரம்பித்துக் காட்டில் கால்வாசி உழுது போட்ட மாதிரி கிடந்தது. கடித்துத் துப்பிய கடலைத்தோல், பிடுங்கிய செடி.

அக்கா அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "நீங்க வட்டமா ஒக்காருவியளாமே, நானும் வாரேன்" என்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடினோம். அன்றைக்கு நான் வாட்சைப் பார்க்கவில்லை.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். வருத்தப்பட்டார்கள். அக்காவின் முறை வந்தது.

"நான் என்னத்தச் சொல்ல? நேத்து ராத்திரி சத்தம் கேக்கும்னு நம்பித் தூங்கிட்டேன். அம்புட்டுத்தான்."

அடுத்தது நான். 'மனசுக்குக் கஷ்டமா இருக்கு' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அந்த மூலையில பாட்டிலுக்குள்ள கல்லே போடலக்கா. வண்டிக்கு நேரமாச்சுன்னு வெறும் பாட்டிலக் கட்டிட்டுப் போயிட்டேன். நான்தான்."

வட்டத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"தெரியும். இன்னைக்கு வெள்ளன எந்திரிச்சு, வெறும் பாட்டில் தொங்குனதப் பாத்துட்டேன். யாரு கட்டுனதுன்னு தெரியத்தான் இங்க வந்து ஒக்காந்தேன். ஒருத்தரும் சொல்லலைன்னா இனிமே ஒங்க யாரையும் இந்தப் பக்கமே விடப்படாதுன்னு இருந்தேன்."

பிறகு மடியை அவிழ்த்தார். உள்ளே ஓடைக் கூழாங்கல்.

"எந்திரி தாயி. நீயே போடு."

போட்டேன். பன்னிரண்டு பாட்டிலையும் ஒவ்வொன்றாக வாங்கி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கட்ட விட்டார்.