பொட்டுக்கு அடியில் இருந்த எழுத்து

செல்வநாயகியின் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சூளையை ஒட்டிய அறையில் மாட்டியிருக்கும் மீட்டரைப் பார்த்து, எத்தனை டிகிரி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, முற்றத்தைக் கடந்து ஆபீசில் கொடுக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை. சீட்டைப் பார்த்து முதலாளி கோதண்டபாணி எண்ணெயைக் கூட்டு, குறை என்று சொல்வார். அதைத் திரும்பி வந்து சூளைக்காரரிடம் சொல்ல வேண்டும். போக நூற்றுப் பதினெட்டுக் காலடி, வர நூற்றுப் பதினெட்டுக் காலடி. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பன்னிரண்டு வருடம் அவள் நடந்த நடையைச் சேர்த்து வைத்தால் காசிக்கு இரண்டு தடவை போய்த் திரும்பியிருக்கலாம். புண்ணியமாவது மிஞ்சியிருக்கும்.

கருவேப்பிலங்குறிச்சியில் அவள் வீட்டுக்காரர் தேவநாதன், மூட்டை தூக்கப் போய் முதுகெலும்பு விலகி, கட்டிலோடு கிடந்தார். மகள் இளமதி பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். செல்வநாயகி நடந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

அவள் எழுதும் எண் தப்பாது என்று பேட்டையே சொல்லும். மீட்டரை ஒரு தடவை பார்த்து எழுதுவாள், எழுதியதை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்ப்பாள். இந்த இரண்டாம் பார்வை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், காய்ச்சலோடு வந்த ஒரு நாள், ஆயிரத்து இருநூற்று அறுபதை ஆயிரத்து நூற்று அறுபது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சூடு போதவில்லை என்று நினைத்த முதலாளி எண்ணெயைக் கூட்டச் சொன்னார். சூளையைத் திறந்தபோது உள்ளே சுட அடுக்கியிருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் எல்லாம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சூளைக்காரர் நடராசன்தான் சொன்னதைவிட அதிகமாக எண்ணெயைத் திறந்துவிட்டார் என்று பழி விழுந்தது. நடராசன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தலைகுனிந்து நின்றார். செல்வநாயகி உண்மையைச் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், அதெல்லாம் சும்மா. மறைத்தாள், மறைந்தது. நடராசன் குடும்பத்தோடு ஊரைவிட்டே போனார். சாப்பிட உட்கார்ந்தால் அந்தத் துண்டு ஞாபகத்துக்கு வந்து, பாதிச் சோற்றோடு அவள் எழுந்துகொண்ட நாட்கள் உண்டு.

2004 புரட்டாசியில் முதலாளி சென்னையிலிருந்து ஒரு கார்டு வாங்கி வந்தார். மீட்டரின் எண்ணை வாங்கிக்கொள்ள அறையில் ஏற்கெனவே ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அங்கிருந்து ஆபீசுக்கு இழுத்த ஒயரை ஒரு தடவை எலி கடித்தது, இரண்டு தடவை களிமண் டிராக்டர் அறுத்துக்கொண்டு போனது. இந்தக் கார்டைச் சொருகினால் ஒயரே வேண்டாமாம், எண் காற்றிலேயே போய்விடுமாம்.

"இது மட்டும் ஓடிடுச்சுன்னா நீ இப்படி நாய் மாதிரி நடக்க வேணாம், செல்வநாயகி" என்றார் முதலாளி. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பேக்கிங்கில் வேலை பார்க்கும் பூவாயி வாயைத் திறக்கும்வரை.

"அடி கூறுகெட்டவளே, நடக்க வேணாம்னா வர வேணாம்னுதான் அர்த்தம். பேக்கிங்குலயே ஆளக் குறைக்கிறாங்க. ஒன்னை எங்க வைப்பாரு?"

ஆயுத பூசையன்று தராசு, ஸ்பேனர், மீட்டர் என்று எல்லாவற்றுக்கும் செல்வநாயகிதான் சந்தனம் குங்குமம் வைத்தாள். புதுக் கார்டையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பிள்ளையார் முன்னால் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பூராவும் பொடிப்பொடியாக ஏதேதோ இருந்ததால் தொடப் பயந்து, மறுபக்கம் திருப்பி, வெள்ளை ஸ்டிக்கரின் ஓரத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். எண்ணைக் கண்டால் இரண்டு தடவை பார்க்கும் கண், ஸ்டிக்கரையும் பார்த்துவிட்டுத்தான் வைத்தது. பூசைக் குப்பையோடு அட்டைப்பெட்டியும் எரிந்துபோனது.

கார்டைப் பொருத்த வந்தவன் அகஸ்டின். ஜங்ஷன் பக்கம் சின்னதாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். வயது முப்பதிருக்கும், கல்யாணமாகி ஆறு மாதம். கார்டைச் சொருகினான், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. திரையில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஆச்சரியக்குறி வந்து உட்கார்ந்துகொண்டது.

"டிரைவர் சேரலக்கா" என்றான். "கார்டு ஒரு பாஷ பேசும், கம்ப்யூட்டரு ஒரு பாஷ பேசும். நடுவுல நின்னு இங்கேருந்து அங்க சொல்றதுதான் டிரைவரு."

அது நான் பார்க்கிற வேலையாச்சே என்று செல்வநாயகி நினைத்துக்கொண்டாள்.

பேட்டையில் இன்டர்நெட் கிடையாது. டிரைவரை பிரவுசிங் சென்டரில் இறக்கி, ஃப்ளாப்பியில் ஏற்றி, சைக்கிளில் கொண்டுவர வேண்டும். பாதி நாள் ஃப்ளாப்பி வழியிலேயே கெட்டுவிடும். நல்லபடியாக வந்து சேர்ந்தாலும், ஏற்றினால் திரை நீலமாகி நின்றுவிடும். விண்டோஸை அழித்து மறுபடி போடுவான். மூன்றாம் நாள் அவன் போனில் சென்னைக் கடைக்காரரோடு பேசியது அவள் காதில் விழுந்தது. வைத்துவிட்டு அவளிடம் சொன்னான்.

"இதே பேருல மூணு தினுசு கார்டு விட்டிருக்கானாம்க்கா. ஏ, பி, சின்னு. உள்ள சிப்பு வேற வேற. ஒண்ணோடது இன்னொண்ணுக்கு ஆவாது. நம்மளுது 'பி'தான்னு கடைக்காரரு அடிச்சு சொல்றாரு."

செல்வநாயகி ஸ்டிக்கரைப் பார்த்தவள். பொட்டுக்கு அடியில் இருந்தது பி இல்லை. பிறை மாதிரி வளைந்த எழுத்து. அகஸ்டினுக்கும் அந்தப் பொட்டு கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன். அடுத்தவர் சாமிக்கு வைத்த பொட்டை அழிக்க அவனுக்கு மனம் வரவில்லை. கார்டைக் கழற்றும்போதுகூட அதன்மேல் விரல் படாமல் ஓரமாகப் பிடித்தான். அந்த மரியாதைதான் செல்வநாயகியின் சோற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

எட்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள், பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சொன்னால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

பதினோராம் நாள் மத்தியானம் முதலாளி அறைக்குள் வந்தார்.

"போதும்டா. கார்டக் கழட்டிக் கடாசு. இவ பழையபடி நடந்தே வரட்டும். ஒண்ணுந் தெரியாத பயல நம்பி பதினோரு நாளு போச்சு. இனிமே இந்தப் பேட்டையில எந்த வாசல்லயும் ஒன்ன ஏறவுடாம பண்றேன் பாரு."

அகஸ்டின் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். நடராசன் துண்டைப் பிடித்திருந்ததும் இதே மாதிரிதான், இதே இடத்தில்தான். செல்வநாயகி ஓரடி முன்னால் வந்தாள்.

"மொதலாளி, அது பி இல்லீங்க" என்றாள். "பொட்டுக்குக் கீழ 'சி'ன்னு போட்டிருக்குதுங்க. நான்தான் மேல பொட்டு வச்சேன்."

அகஸ்டின் கார்டைக் கழற்றி அவளிடமே நீட்டினான். முந்தானை நுனியை நனைத்து அவளே துடைத்தாள். சி.

அவன் ஜங்ஷனுக்குப் பறந்து, நாலு மணிக்கு ஃப்ளாப்பியோடு வந்தான். இந்தத் தடவை திரை நீலமாகவில்லை. மஞ்சள் குறி மறைந்தது, கார்டின் முதுகில் பச்சை விளக்கு மினுக்கியது. அகஸ்டின் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினான். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான்.

நாலரைக்கு அவள் மீட்டரைப் பார்த்தாள். எழுதினாள். மறுபடியும் பார்த்தாள். ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு. சீட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனாள். முதலாளி ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"வந்துடுச்சு செல்வநாயகி. நீ வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு."

"எவ்ளோங்க காட்டுது?"

"ஆயிரத்து எரநூத்தி நாப்பத்தெட்டு."

"சரியா இருக்குதுங்க" என்று சீட்டை மேசைமேல் வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை.

"இந்தச் சூளை ஆறுற வரைக்கும் வா. அப்புறம் வேணும்னா சொல்லி அனுப்புறேன்."

சொல்லி அனுப்புவது என்றால் என்னவென்று பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். அவள் அழவில்லை. போகத்தான் போகிறோம், அதையும் இறக்கி வைத்துவிட்டே போகலாம் என்று தோன்றியது.

"மொதலாளி, நான் சேந்த வருசம் ஒரு சூளை பூராவும் ஒட்டிப் போச்சுதுங்களே. அது நடராசண்ணன் தப்பு இல்லீங்க. நான்தான் நூறு கொறச்சு எழுதிக் குடுத்துட்டேன். இத்தினி வருசமா சொல்லாம இருந்துட்டேங்க."

கோதண்டபாணி முதல் தடவையாகத் திரையிலிருந்து திரும்பினார். நெற்றியைச் சுருக்கினார்.

"எந்த நடராசன்?" என்றார்.