பல்லிடுக்கு யோகம்

பல்லைப் பிடுங்குகிற டாக்டருக்கு அன்றைக்கே நல்ல பெயர் கிடைத்துவிடும். பல்லை நகர்த்துகிற டாக்டர் ஒன்றரை வருஷம் திட்டு வாங்கியாக வேண்டும். நான் இரண்டாவது ரகம். கணவருக்குத் தெலுங்கு பேசும் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை என்பதால் திருச்சியை விட்டு வந்து, அங்கேயே ஒரு கர்ரி பாயிண்டுக்கு மேல்மாடியில் கிளினிக் வைத்தேன். கீழே சாம்பாரையும் கோங்கூராப் பப்பு என்கிற புளிச்சக்கீரைப் பருப்பையும் பாக்கெட்டில் கட்டி விற்பார்கள். மேலே நான் உட்கார்ந்துகொண்டு அதைக் குறையுங்கள், இதைக் கடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கூட்டம் எங்கே இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிளிப் போட்டு அவதிப்பட்ட பெருமக்களே, உங்கள் வாய்க்குள் கை விட்டவளின் அவதியையும் கொஞ்சம் கேளுங்கள்.

பாதி நாளில் முடியாதா?

முத்து என் ஆரம்பகாலப் பேஷண்ட். திருநெல்வேலிப் பக்கம், வயது இருபத்தேழு, சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே தீக்குச்சி தாராளமாக நுழையும். ஆபீஸ் குரூப் போட்டோக்களில் எல்லோரும் சிரிக்க, இவர் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார். கிளிப் போட்டுப் பற்கள் வரிசைக்கு வந்ததும், இனி இடைவெளியை மூட ரப்பர் சங்கிலி மாட்டலாம் என்றேன்.

சங்கிலி என்றதும் பயந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள், ஒன்றோடொன்று சேர்ந்தே வரும். ஒவ்வொரு பல்லின் மேலும் ஒட்டியிருக்கும் உலோகத் துண்டில் ஒரு வளையத்தை இழுத்து மாட்டினால், ரப்பர் சுருங்கப் பார்க்கும். பற்களும் அதோடு நெருங்கி வரும். நாலு வாரத்தில் இழுவை தளர்ந்துவிடும், புதிது மாட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் வலிக்கும், குழைந்த சாதமாகச் சாப்பிட வேண்டும். மெதுவாக இழுத்தால்தான் எலும்பு வழிவிடும், முரட்டுத்தனமாக இழுத்தால் வேருக்கே கேடு. இவ்வளவையும் அரை மணி நேரம் விளக்கினேன். முத்து மடியில் லேப்டாப்பை வைத்து மில்லிமீட்டர் கணக்கோடு ஒரு எக்ஸெல் ஷீட்டே போட்டுவிட்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு சங்கிலி மாட்டுனா பாதி நாள்ல டெலிவரி பண்ணிரலாம்லா டாக்டர்?"

கலர் விவகாரம்

சங்கிலி எல்லாக் கலரிலும் கிடைக்கும். நிறமே இல்லாத சங்கிலிதான் கௌரவம் என்று சாஃப்ட்வேர்க்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். கீழே இறங்கி இரண்டு நாள் சாம்பார் சாப்பிட்டால் அது மஞ்சளாகிவிடும். 'பல்லே கறையாகிவிட்டது' என்று மூன்றாம் நாள் அலறிக்கொண்டு வருவார்கள். என் உதவியாளர் ஷாஹீன் கண்ணாடியைக் கொடுத்து, கறை ரப்பரில்தான், பல்லில் இல்லை என்று காட்டி அனுப்புவாள். சாம்பல் கலர் போட்டுக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொல்வேன். யார் கேட்டார்கள்?

செகந்திராபாத்திலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வரும். அப்பா பாதுகாப்புத் துறையில் ஆபீசர், மகள் எட்டாவது. அவளுக்கு ஒரு பல்லுக்குப் பச்சை, அடுத்ததற்கு ஊதா, அதற்கடுத்து ஆரஞ்சு வேண்டும். சங்கிலி ஒரே துண்டாக ஒரே கலரில்தான் வரும் என்றேன். அப்படியானால் மேலே ஆரஞ்சு, கீழே பச்சை என்றாள். பார்க்க அடக்கமாகச் சாம்பல் கலரே இருக்கட்டும் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நாற்காலியில் வாயைத் திறந்தபடியே, 'வேண்டாம்' என்பதற்கு அந்த ஊர் உருதுவின் 'நக்கோ'வைப் போட்டு அவள் பதில் சொன்னாள்: "ஸ்கூல்ல யூனிஃபார்ம், கராத்தேல யூனிஃபார்ம், வாய்க்குள்ளயும் யூனிஃபார்ம் நக்கோ டாடி!"

ஊரிலிருந்து ஃபோன்

முத்துவுக்கு மூன்றாவது சங்கிலி மாட்டிய வாரம் கிளினிக்குக்கு ஒரு ஃபோன் வந்தது. அவருடைய அம்மா பேச்சியம்மாள், ஊரிலிருந்து. "அவனுக்கு அந்தப் பல்லிடுக்கு யோகம் டாக்டரம்மா. ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் வந்தது, காலேஜ் முடிக்கிறதுக்கு முன்னாடியே வேலை கெடைச்சது, எல்லாம் அந்த எடத்தாலதான். அடைச்சிராதீங்க" என்றார். பல்லுக்கும் உத்தியோகத்துக்கும் சம்பந்தமில்லை அம்மா என்று பக்குவமாகச் சொல்லி வைத்தேன்.

அது 2008-ன் கடைசி. அமெரிக்காவில் யாருக்கோ தும்மல் வந்து, மாதாப்பூரில் எல்லோருக்கும் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. முத்துவின் புராஜெக்ட் நின்றுபோய் அவரை 'பெஞ்ச்'சில் உட்கார வைத்தார்கள். வேலை இல்லாமல் ஆபீசுக்குப் போய், எப்போது வீட்டுக்கு அனுப்புவார்களோ என்று காத்திருப்பதற்குத்தான் அந்தப் பெயர். சங்கிலியை நிறுத்திவிடலாமா என்று முத்து என்னைக் கேட்கவில்லை, ஆனால் எக்ஸெல் ஷீட்டைத் திறப்பதை நிறுத்திவிட்டார். அம்மா மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலில் பக்குவம் இல்லை: "ஒரு மில்லிமீட்டர் அடைச்சீங்க, புராஜெக்ட் போச்சு. இன்னும் ஒண்ணு அடைச்சா என்ன போவும்னு நீங்களே சொல்லுங்க."

நகவெட்டி

வரச் சொன்ன தேதிக்கு முத்து வரவில்லை. பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வந்தார். கழுத்தில் எப்போதும் தொங்கும் ஐடி கார்டு இல்லை. வாயைத் திறக்கச் சொன்னேன், சங்கிலியும் இல்லை. மூடிக்கொண்டு வந்த இடைவெளி பாதிக்குப் பாதி திரும்பியிருந்தது. நகர்ந்து வந்த பல்லைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லாவிட்டால் அது வந்த வழியே திரும்பிவிடும், நான் நூறு முறை சொன்ன பாடம் அது. திட்ட வாயெடுத்தேன். ஷாஹீன் பின்னாலிருந்து என் முழங்கையைத் தொட்டாள்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை எச்.ஆரில் வந்து பார்க்கச் சொல்லி முந்தின வாரமே மெயில் வந்திருக்கிறது. அம்மா ஃபோனில் அழுதிருக்கிறார். மில்லிமீட்டர் கணக்குப் போட்டு எக்ஸெல் ஷீட் வைத்திருந்த அதே மனுஷர், குளியலறைக் கண்ணாடி முன் நின்று நகவெட்டியால் சங்கிலியை ஒவ்வொரு வளையமாக வெட்டி எடுத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. பார்த்தே இராத அந்த அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. முத்து நாற்காலியில் சாய்ந்து, விளக்கைப் பார்த்தபடி சொன்னார்: "தெறந்துதான் வச்சிருந்தேன் டாக்டர், அப்படியும் வேலை போயிருச்சு. புதுசா ஒண்ணு மாட்டிருங்க."

அம்மா வந்தார்

மாட்டினேன். ஆறு மாதத்தில் இடைவெளி மூடியது. கிளிப்பைக் கழற்றி, மறுபடி திறந்துவிடாதபடி பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டினேன். அதற்குள் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் முத்துவுக்கு வேலையும் கிடைத்திருந்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு, பஸ்ஸில் தூரம் அதிகம். ஆனால் இன்டர்வியூவில் பல் தெரியச் சிரித்துப் பேசினேன் என்று அவர் சொன்னபோது, எனக்கே வேலை கிடைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் பேச்சியம்மாள் மகனோடு மாடியேறி வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். விளக்கு வெளிச்சத்தில் மகனின் பற்களை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மகனை வெளியே போய் உட்காரச் சொன்னார். வந்ததிலிருந்து வாய்மேல் பிடித்திருந்த சேலை முந்தானையை அப்போதுதான் இறக்கினார். அதே முன்பற்கள், அதே இடைவெளி, மகனுக்கு இருந்ததைவிடப் பெரிது. வரிசைப்படுத்தி வைத்திருந்ததை விட்டுவிட்டு விளக்கை அவர் பக்கம் திருப்பினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தவங்க சிரிச்சிட்டாங்கன்னு நான் அழுதப்போ, இது யோகம்டீன்னு எங்க அம்மை சொல்லி வச்சா. அதையே நான் எம்பிள்ளைக்கும் சொல்லி வளத்துட்டேன். அம்பத்திமூணு வயசுப் பல்லை இந்த ரப்பரு இழுக்குமா டாக்டரம்மா?"

இழுத்தது, ஈறு உறுதியாக இருந்ததால் நன்றாகவே இழுத்தது. ஆனாலும் பெருமக்களே, இந்தத் தொழிலில் முதல் தடவை சொன்னபோதே என் பேச்சைக் கேட்டது பற்கள் மட்டும்தான்.